பதினோராவது அடி

இராமையாவைப் பொறுத்தவரை வீடு என்பது பின்பக்கமாக நீள வேண்டிய ஒரு பொருள். பத்தாங் பெர்ஜுந்தாயில் முப்பது வருடமாகக் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவர். அவர் கைபட்ட எந்த வீடும் பழைய அளவோடு நின்றதில்லை. புக்கிட் செந்தோசாவில் அவர் இழுத்துக் கட்டிய அடுப்படிகள் பின்சந்தில் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளாத குறைதான். இந்த வீட்டில் மிளகாய் வறுத்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். அப்படிப்பட்டவரிடம் அழகேசன் ஒரு கடிதத்தைக் காட்டியபோது, மனிதர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஏதாவது விட்டுப்போயிருக்குமோ என்று பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

கடிதம் தோட்ட நிர்வாகம் கொடுத்தது. தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி குடியிருந்த பழைய பங்களாவை அழகேசனுக்கு விற்றபோது போட்ட நிபந்தனை அதில் இருந்தது. உள்ளே எதை வேண்டுமானாலும் இடிக்கலாம், மாற்றலாம். ஆனால் இருக்கிற அடித்தளத்தைத் தாண்டி ஓர் அங்குலம்கூட வெளியே போகக் கூடாது. போக நினைத்தாலும் வழியில்லை. முன்னால் தோட்டச் சாலை, இரண்டு பக்கமும் கால்வாய், பின் சன்னலைத் திறந்தால் கை நீட்டித் தொடுகிற தூரத்தில் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை.

"பின்னால ஒரு பத்தடி இழுத்துட்டோம்னா..." என்று ஆரம்பித்தார் இராமையா.

"இழுக்க முடியாது."

"அஞ்சடி?"

"ஒரு இஞ்சுகூட முடியாதுலா."

"அப்ப என்னை எதுக்குண்ணே கூப்பிட்டீங்க?" அவர் உண்மையாகவே மனம் நொந்துதான் கேட்டார்.

அழகேசன் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையின் பண்டகசாலையை முப்பத்திரண்டு வருடம் கவனித்துவிட்டு ஓய்வு பெற்றவர். மனம் இருந்தால் எந்தப் பொருளுக்கும் இடம் கண்டுபிடித்துவிடலாம் என்பது அவர் கொள்கை. பெயர்தான் பங்களா, உள்ளே இரண்டு படுக்கையறை, ஒரு ஹால், ஓர் அடுப்படி. ஓர் அறை அவருக்கும் மனைவி தனேஸ்வரிக்கும். இன்னொன்று, கோலாலம்பூரிலிருந்து சனி ஞாயிறு வந்து தங்கும் மகன் ஜீவனுக்கும் மருமகளுக்கும். மூன்றாவதாக ஓர் அறை வேண்டும். அது அவருடைய அக்கா இராஜம்மாவுக்கு.

இந்த மூன்றாவது அறைக்காகத்தான் அழகேசன் வீட்டையே வாங்கினார் என்று சொன்னால் தனேஸ்வரி கோபித்துக்கொள்வார். ஆனாலும் உண்மை அதுதான். சிறுவயதில், தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வரிசையில், அவர்கள் எட்டுப் பேர் ஒரே வீட்டில் இருந்தார்கள். இராஜம்மா பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, ரப்பர் பால் வெட்டப் பால்மரக் காட்டுக்குப் போனார். அந்தச் சம்பளத்தில்தான் தம்பி படித்தார். வீட்டின் ஒரு மூலையில் கம்பி கட்டிப் பழைய புடவையைத் தொங்கவிட்டிருப்பார்கள். அதற்குப் பின்னால்தான் அக்கா படுப்பார், உடை மாற்றுவார், அழ வேண்டியிருந்தால் அழுவார். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் துணியை விலக்கி அரிசிப் படி எங்கே, தீப்பெட்டி எங்கே என்று கேட்பார்கள். பத்து வயது அழகேசன் ஒருநாள், "பெரியவனானதும் உனக்குக் கதவு வச்ச ரூம்பு கட்டித் தர்றேன்க்கா" என்று சொன்னார். அக்கா அதை அன்றைக்கே மறந்துவிட்டார். சொன்னவருக்குத்தான் நாற்பத்தெட்டு வருடமாகத் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது.

கல்யாணமாகிப் போன இடத்திலும் அக்காவுக்குத் துணிதான். இப்போது சபாக்கில் மகன் வீட்டு ஹாலில், மடக்குக் கட்டிலைச் சுற்றித் தொங்குவதும் துணிதான். பங்களா வேலை தொடங்கியதும் வேலையாட்களுக்குச் சமைத்துப் போடுகிறேன் என்று வந்து, தம்பி குடும்பத்தோடு அங்கேயே தங்கியிருந்தார். வந்தவரை அப்படியே நிறுத்திவிட வேண்டும் என்பது தம்பியின் திட்டம். அக்காவோ, "எனக்கு எதுக்குலா ரூம்பு? பால் காய்ச்சின மறுநா காலையில சபாக் பஸ் ஏறிருவேன். இடமில்லாத வீட்டுல நானும் வந்து நிக்கணுமா?" என்பதையே பாட்டாகப் படித்துக்கொண்டிருந்தார். சுவர் எழுந்தால் அக்கா தங்குவார்; எழாவிட்டால் பஸ். அழகேசனுக்கு விஷயம் அவ்வளவுதான்.

ஹாலின் அகலம் பதினெட்டு அடி, நீளம் பதினொன்று. குறுக்கே ஒரு சுவர் எழுப்பி, வலது பக்கம் எட்டடியை அக்காவின் அறையாக்குவது என்று முடிவானது. சுவரின் பருமன் அரையடி போக, ஹாலுக்கு ஒன்பதரை. அதற்கும் குறைய முடியாது. தனேஸ்வரி புக்கிட் செந்தோசா பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்த ஷோகேஸ் ஒன்பதடி. பீங்கான் செட்டுகளும் ஜீவனின் ஓட்டப்பந்தயக் கோப்பைகளும் அதில்தான் குடியிருந்தன. இராமையா தரையில் சாக்கட்டியால் கோடு போட்டார். இழுக்க முடியாத வருத்தத்தில் கோடு கொஞ்சம் வாடித்தான் தெரிந்தது.

மறுநாள் சிவநேசன் வந்தார். தனேஸ்வரியின் அண்ணன், கோல சிலாங்கூரில் தபால் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கே வீட்டு வேலை நடந்தாலும் அழைக்காமலேயே போய்விடுவார். சட்டைப்பையில் அட்டை கிழிந்த மனையடி சாஸ்திரம் ஒன்று எப்போதும் இருக்கும். எத்தனை அடி அறைக்கு என்ன பலன் என்று அதில் வரிசையாகப் போட்டிருக்கும். அவர் அதை நம்புகிறாரா என்று கேட்டால் சொல்வது கடினம். வாசிக்கப் பிடிக்கும், அதைவிட, வாசிக்கும்போது மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பது பிடிக்கும்.

"எட்டு, மிகுந்த பாக்கியம். பேஷ். அந்தப் பக்கம்?"

"ஒன்பதரை."

சிவநேசன் கண்ணாடியைக் கழற்றினார். "ஒன்பது பீடை, மாப்ள."

"பத்துக்கு அரையடிதானே மச்சான் கொறையுது?"

"நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவுல நின்னா கெட்டதுதான் முந்திக்கும். ஒலகமே அப்பிடித்தான ஓடுது."

சாக்கட்டிக் கோடு அரையடி நகர்ந்தது. ஹால் பத்தானது, அறை ஏழரையானது. ஏழு தரித்திரம் என்றது புத்தகம். அடுப்படி வாசலில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்த இராஜம்மா, தலையை நிமிர்த்தாமலே, "தரித்திரத்த எங்கிட்டயே குடுத்துருங்க. பழகினதுதான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அழகேசனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"சரி, ஹாலுக்குப் பீடையே இருக்கட்டும்" என்றார்.

"பீடைக்குள்ள உக்காந்து நான் டிவி பாக்கணுமா? நல்லாருக்கே" என்றார் தனேஸ்வரி. அண்ணன் வாயிலிருந்து ஒரு சொல் விழுந்துவிட்டால் அதை அவர் தரையில் விடமாட்டார்.

கணக்கு எளிதுதான். பத்தும் எட்டும் பதினெட்டு. வீடே அதற்காகக் கட்டினது போலப் பொருந்துகிறது. ஒரே குறை, நடுவில் நிற்கும் சுவருக்குப் பருமனே இருக்கக் கூடாது. ஜீவன் வாட்ஸ்அப்பில், "பிளாஸ்டர்போர்டு போட்டுருங்கப்பா, ஸ்பேஸ் சேவ் லா" என்று குரல் அனுப்பினான். அதுவும் நாலு அங்குலம். காகிதச் சுவரே வைத்தாலும் குறைவு குறைவுதான் என்று சிவநேசன் தீர்ப்புச் சொன்னார்.

"பருமன் இல்லாத சொவருன்னா துணிதாண்ணே" என்றார் இராமையா.

"அதத்தான நானும் மொதல்லேர்ந்து சொல்றேன்" என்றார் இராஜம்மா.

அழகேசனுக்குச் சுருக்கென்று ஏறியது. அறுபத்து நாலு வயது மனுஷிக்கு மறுபடியும் ஒரு துணியா? சாஸ்திரம், ஷோகேஸ், செம்பனை எல்லாம் கூடிப் பேசி வைத்துக்கொண்டு அக்காவைத் துணிக்குப் பின்னால் தள்ளுவதுபோல் இருந்தது. இராமையா இதுதான் சமயம் என்று பின்பக்கம் அரையடி மட்டும், கண்ணுக்கே தெரியாத அளவுக்கு, என்று இழுத்தார். அழகேசன் கண் சிவநேசன் கையிலிருந்த புத்தகத்தின்மேல் இருந்தது. பண்டகசாலைக்காரர் மூளை சும்மா இருக்குமா? பெட்டியில் எழுதியிருக்கும் அளவும் பெட்டியின் அளவும் வேறு வேறாக இருப்பதை ஆயிரம் தடவை பார்த்தவர்.

"மச்சான், இந்தப் புஸ்தகத்த எழுதுன காலத்துல டேப்பு இருந்துச்சா?"

நல்ல கேள்வி கேட்டால் சிவநேசனுக்கு உச்சி குளிர்ந்துவிடும். "டேப்பு ஏது மாப்ள? இஞ்சும் அடியும் வெள்ளக்காரன் கொண்டாந்தது. அந்தக் காலத்துல யாரு குடியிருக்கப் போறாங்களோ அவுங்க காலடிதான் அளவு. குதிகாலும் வெரலும் ஒட்ட வச்சு நடந்து அளப்பாங்க." சொல்லி முடித்த பிறகுதான் எங்கே வந்து நிற்கிறோம் என்று அவருக்கே தெரிந்தது. தவளையும் தன் வாயால் கெடும்.

அழகேசன் அதற்குள் சட்டென்று சிலிப்பரைக் கழற்றிவிட்டார். கோட்டைப் பழைய இடத்தில், அறைக்கு எட்டடி விட்டுப் போடச் சொன்னார். ஹாலை நடந்து அளந்தார். பத்தடியும் நாலு விரலும். பத்துக்கு ஆடு மாடு பெருகும், பதினொன்றுக்குப் பால் சோறு உண்டு. நடுவில் நின்றாலும் இரண்டு பக்கமும் நல்லதே. முந்திக்கொள்ளக் கெட்டது எதுவும் இல்லை.

"மாடு பெருகுனா செம்பனக் கன்ன மேஞ்சிரும், நிருவாகம் இன்னொரு கடுதாசி போடும்" என்றார் தனேஸ்வரி. ஆனால் பீடை போன நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

அடுத்து அறை. அழகேசன் காலுக்கு அது எட்டேமுக்கால் வந்தது. எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில். ஹாலிலிருந்து கிளம்பிய பீடை நேராக அக்கா அறைக்குக் குடிபோய்விட்டது.

"இருங்க மச்சான். அங்க குடியிருக்கப் போறது நானா? அக்கா. அக்கா காலுதான அளவு?"

சிவநேசன் யோசித்தார். விட்டுக்கொடுக்கவும் மனமில்லை, சொன்ன சாஸ்திரத்தை மாற்றவும் வழியில்லை. "ஒத்துக்கலாம். ஆனா கண்ட நேரத்துல அளக்கப்புடாது. வெள்ளிக்கெழம காலைல ஒம்போதுக்கு மேல. மதினி குளிச்சிட்டு வரட்டும்." போன மரியாதையைக் கொஞ்சம் மீட்டுக்கொள்ள, ஆறிலிருந்து இருபது வரை பலன்களைத் தபால் நிலையக் குரலில் உரக்க வாசித்தார். "பதினொன்று, பால் சோறு. பன்னிரண்டு, செல்வம் குறையும். பதிமூன்று, பகை..."

"என் காலை வச்சு அளக்குறாங்களாம். வேலையத்த வேலை" என்று முணுமுணுத்த இராஜம்மா நெத்திலித் தலைகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

வியாழக்கிழமை இராமையாவின் ஆட்கள் ஹால் சுவரின் பழைய சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு மத்தியானமே போய்விட்டார்கள். அழகேசனும் தனேஸ்வரியும் ஆணியும் கதவுக் கீலும் வாங்க பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் போய்விட்டு நாலு மணிக்குத் திரும்பினார்கள். வீட்டில் இராஜம்மா மட்டும்தான் இருந்தார். தனேஸ்வரி காரிலிருந்து காய்கறியை எடுத்துக்கொண்டிருக்க, அழகேசன் ஹாலுக்குள் கால் வைத்தவர் அப்படியே நின்றார்.

தரை முழுக்க மாவு கொட்டினாற்போல வெள்ளைத் தூசு. அதில், சாக்கட்டிக் கோட்டுக்கும் வலதுபக்கச் சுவருக்கும் நடுவே மட்டும், சின்னச் சின்னக் காலடிகள். வெறுங்கால். விரல்கள் அகன்ற, காட்டு வேலை செய்த கால். ஒரு வரிசை இல்லை, ஐந்தாறு வரிசை.

அழகேசன் குந்தி உட்கார்ந்து எண்ணினார். முதல் வரிசையில் குதிகாலும் விரலும் ஒட்டிக்கொண்டு, சாஸ்திரம் சொன்னபடியே, பன்னிரண்டு. செல்வம் குறையும். இரண்டாவது வரிசையில் நடுவில் தடுமாற்றம், ஒரு காலடி அழிந்து கிடந்தது. மூன்றாவதில் இடைவெளி அதிகமாகிப் பத்தரையில் முடிந்திருந்தது. கடைசி வரிசையில் ஒவ்வோர் அடிக்கும் நடுவே சரியாக ஒரு விரல் இடம் விட்டு, கைதேர்ந்த கொத்தனார் கல் பதித்தது போல, பதினொன்று. பதினோராவது அடியின் பெருவிரல் சுவரைத் தொட்டிருந்தது.

எனக்கு எதுக்குலா ரூம்பு என்றவர்தான். துணி போதும் என்றவர்தான். ஆள் இல்லாத வீட்டில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஓர் அறைக்காகத் திருட்டுக் கணக்குப் பழகியிருக்கிறார். அக்கா தனக்கென்று ஒன்றை ஆசைப்பட்டு அழகேசன் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆசையே இல்லாத பிறவி என்றுகூட நினைத்திருந்தார். எவ்வளவு சௌகரியமான நினைப்பு அது என்று இப்போது அவருக்கு வெட்கமாக இருந்தது. கண் கலங்கியது, தூசு என்று சொல்லிக்கொள்ள வசதியாகத் தூசும் இருந்தது.

துடைப்பத்தை எடுத்துப் பரபரவென்று பெருக்கத் தொடங்கினார். பையோடு உள்ளே வந்த தனேஸ்வரி, முப்பது வருடத்தில் காணாத காட்சியைக் கண்டு வாசலிலேயே நின்றார்.

"என்னாங்க, ஒடம்புக்கு ஏதும் பண்ணுதா?"

"தூசு. நீ உள்ள போ."

அடுப்படியில் இராஜம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை. அவர் குதிகால் இரண்டும் சுண்ணாம்பு பூசினதுபோல வெளுத்திருந்தன. அழகேசன் ஒரு குவளைத் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் காலருகே வைத்தார்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குச் சிவநேசன் வேட்டியோடும் திருநீற்றோடும் வந்து கற்பூரம் ஏற்றினார். இராஜம்மா குளித்து, ஈரத் தலையை முடிந்துகொண்டு, வேண்டா வெறுப்பாக வருகிறவர்போல வந்து கோட்டில் நின்றார். பரீட்சை எழுதப் போகும் பிள்ளையை வாசலில் விட்டுவிட்டு நிற்கும் தகப்பனைப்போல அழகேசன் நின்றார்.

"குதிகாலு வெரல ஒட்டணும் மதினி" என்றார் சிவநேசன்.

"தெரியும் தெரியும்" என்றார் இராஜம்மா.

ஒன்று. இரண்டு. புடவைக் கரை முன்னால் ஆடியாடிக் காலை மறைத்தது. அது தானாக ஆடவில்லை என்பது அழகேசனுக்குத் தெரியும். ஐந்து. ஆறு. ஏழாவது அடியில் சிவநேசனுக்கு ஏதோ பட்டிருக்க வேண்டும்; கண்ணாடியைச் சரி செய்துகொண்டு குனியப் போனார்.

"மச்சான், கற்பூரம் அணையுது" என்றார் அழகேசன்.

சிவநேசன் பதறித் திரும்பினார். கற்பூரம் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. அவர் மறுபடி திரும்புவதற்குள் எட்டும் ஒன்பதும் முடிந்துவிட்டன. ஆனால் தரையோடு தரையாகக் குந்தியிருந்த இராமையாவை அழகேசன் மறந்துபோயிருந்தார். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே ஒரு நூல் விலகினால் கண்டுபிடிக்கிற கண். அந்தக் கண் இராஜம்மாவின் குதிகாலுக்குப் பின்னால் தெரிந்த ஒரு விரல் சிமெண்டுத் தரையை நன்றாகப் பார்த்தது. பிறகு அழகேசனைப் பார்த்தது. பிறகு கூரையைப் பார்த்தது.

"ஒட்டித்தான் வைக்கிறாங்க" என்றார் இராமையா, கூரையைப் பார்த்தபடியே.

பத்து. பதினொன்று. பெருவிரல் சுவரைத் தொட்டது.

"பதினொண்ணு" என்றார் இராஜம்மா. கேட்காமலேயே சொன்னார், கொஞ்சம் சத்தமாகவும் சொன்னார்.

"பால் சோறு" என்று சிவநேசன் புத்தகத்தை மூடினார். கால் வைத்து அளந்தால் நீளவாக்கில் என்ன வரும் என்று யாரும் கேட்கவில்லை. சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுப்பானேன்?

இராமையா எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு அழகேசன் அருகே வந்தார். "முப்பது வருசமா வீட்ட இழுக்குறேண்ணே. வெளிய போகாம இழுக்குறத இன்னிக்கித்தான் பாத்தேன்" என்று காதோடு சொன்னார். அந்தச் சுவரை அவர் வேறு யாரிடமும் விடாமல் தன் கையாலேயே கட்டினார்.

கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்க அழகேசனே போனார். கடைக்காரர் காட்டிய சின்னத் தாழ்ப்பாள்களை ஒதுக்கிவிட்டு, நகைக்கடைக்குப் போடுகிற தடிமனில் பித்தளையில் ஒன்றை எடுத்துவந்தார். இதைப் போட்டுக்கொண்டு உள்ளே என்ன புதையலா காக்கப் போகிறார்கள் என்று தனேஸ்வரி கேட்டார்.

பால் காய்ச்சி, வந்தவர்கள் சாப்பிட்டுப் போய், ஷோகேஸ் தன் இடத்தில் நின்று, வீடு அடங்கியபோது பின்னேரம் ஐந்து மணி. சபாக் பஸ்ஸைப் பற்றி அன்றைக்கு யாரும் பேச்செடுக்கவில்லை. இராஜம்மா தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு புது அறைக்குள் போனார். கதவு சாத்தப்பட்டது. சற்றுப் பொறுத்துத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. திறக்கும் சத்தம். மறுபடி விழும் சத்தம். அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

தேத்தண்ணி கலக்கிய தனேஸ்வரி அக்காவைக் கூப்பிடச் சொன்னார். அழகேசன் போனார். பழக்க தோஷத்தில் அவர் கை துணியை விலக்குவதற்காக நீண்டு, பலகையில் முட்டியது.  பிறகு விரலை மடக்கி, மெதுவாக, இரண்டு தட்டுத் தட்டினார்.

"யாரு?" என்றது உள்ளிருந்து குரல்.

அறுபத்து நாலு வருடத்தில் அக்கா அந்தக் கேள்வியைத் தன் இடத்துக்குள் இருந்துகொண்டு யாரிடமும் கேட்டதில்லை. கேட்க வழி இருந்ததில்லை. அழகேசனுக்குத் தொண்டையிலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப் போனது.

"நான்தான்க்கா. அழகேசு."

"என்னா வேணும்?"

"ஒண்ணும் இல்லக்கா. தேத்தண்ணி."

"இரு. அப்புறமா வர்றேன்."

அவர் கதவுக்கு வெளியிலேயே நின்றார். அடுப்படியிலிருந்து தனேஸ்வரி, "என்னாங்க, ஆறுது" என்று குரல் கொடுத்தார்.

"ஆறட்டும். அக்கா ரூம்புல இருக்காங்க" என்றார் அழகேசன்.